எந்த மரத்துப் புல்லுருவி

தோலைக் கடித்துப் பிதுக்கினால் வழுக்கிக்கொண்டு நாக்கில் வந்து விழும். முதலில் மெல்லிய ஒரு தித்திப்பு. அது என்ன ருசி என்று தெரிவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உதட்டோடு உதடு ஒட்டும், துப்ப நினைத்த விதை விரலில் ஒட்டி, விரலை உதறினால் நூலாக நீண்டு, முழங்கையிலோ பாவாடையிலோ போய் உட்கார்ந்து நாள் முழுதும் நம்மோடு வரும். புல்லுருவிப் பழத்தைத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். எங்கள் வீட்டில் அதற்குக் "கோந்துப்பழம்" என்று பெயர். என் தம்பி அருள் வைத்த பெயர் அது.

அறுபதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில், தண்டவாளத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பெரிய தோட்டத்தின் மூலையில் இருந்த ஓட்டு வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலையில் மின்சார ரயிலில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். அம்மா பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. எனக்குப் பத்து வயது. அருளுக்கு ஐந்து முடிந்திருந்தது.

வீட்டுக்காரரின் மாமரத்தில் மூன்று நான்கு இடங்களில் புல்லுருவி கூடை கவிழ்த்ததுபோல் அடர்ந்திருக்கும். மா இலை நீளமாக, கரும்பச்சையாக இருக்க, இது மட்டும் தடித்த, வெளிறிய இலையோடு விருந்துக்கு வந்து போக மறந்த ஆள் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கும். பனிக்காலத்தில் குழல் குழலாகப் பூக்கும், தேன்சிட்டுகள் வரும். மாம்பூ கொட்டி, வேலிப் புதரில் காரைப்பழமும் தீர்ந்து, கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போகும் நாட்களில் அதன் பழம் சிவக்கத் தொடங்கும். அப்போது அந்த மரத்தில் கூட்டம் தாங்காது. அணில் வரும், கொண்டைக்குருவி வரும், என் கட்டைவிரல் அளவே இருக்கும் ஒரு சாம்பல் நிறக் குருவி வந்து "சிக், சிக்" என்று ஓயாமல் சத்தம் போட்டபடி பழத்தை விழுங்கும். அதற்கு மலர்கொத்தி என்று பெயர் என்பதை நான் பெரியவளாகி, உயிரியல் ஆசிரியையாகி, ஒரு புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன். தன் இலையால் தானே சர்க்கரை செய்துகொள்ளும் அந்தச் செடி, தண்ணீருக்கும் உப்புச்சத்துக்கும் மரத்தின் கிளைக்குள் வேரை இறக்கி உறிஞ்சிக்கொள்கிறது என்பதும், அப்படிச் சேர்த்ததைப் பழத்தில் சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் பொதிந்து, வேறு எதுவும் பழுக்காத காலத்தில் குருவிக்குக் கொடுத்து, கூலியாகத் தன் விதையை அடுத்த கிளையில் ஒட்டச் செய்கிறது என்பதும் அப்படிப் பிற்பாடு தெரிந்துகொண்டவைதான். அந்த வயதில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அது தித்திப்பு, அதைத் தின்ன யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது மட்டுமே.

கேட்காமல் தின்னக் கிடைத்தது பெரிய விஷயமாக இருந்த வருஷங்கள் அவை. அரிசி கிடைக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்று கோதுமையும் மக்காச்சோளமும் வாங்கி வருவோம். அதையும் அம்மா கஞ்சியாக நீட்டுவாள். சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா செய்யும் ஜெபம் அந்த வருஷத்தில் நீண்டுகொண்டே போனது; தட்டில் இருந்தது குறைந்துகொண்டே வந்தது. "இருக்கறதுக்கு நன்றி சொல்லணும், இல்லாததுக்கு வாயத் திறக்கக் கூடாது" என்பார் அப்பா. வெளியாட்கள் யாராவது வந்தால் எங்கள் முகத்தில் பசி தெரியக் கூடாது என்பதும் சொல்லாமலே எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "நீங்க சாப்பிடுங்க, எனக்கு அப்புறம்" என்பாள். அந்த அப்புறம் எப்போது என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தத் தை மாதம் வீட்டுக்காரர் ஆள் வைத்து மாமரத்துப் புல்லுருவியை முழுக்க வெட்டிவிட்டார். விட்டால் மரத்தை உறிஞ்சிவிடும் என்றார். மாங்காய் வேண்டியவர் அப்படித்தான் செய்வார். வெட்டிப் போட்ட கொத்துகளில் பழம் இல்லை, மொட்டுதான் இருந்தது. அருள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

கோடை விடுமுறையில் ஒரு முற்பகல். பச்சையம்மா வந்திருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் மீன் கூடையோடு வந்து, தெருத்தெருவாக விற்றுவிட்டுப் போகிறவள். அம்மா மீன் வாங்கி மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் எங்கள் வாசல் வேப்ப நிழலில் கூடையை இறக்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அன்றும் ஈரச் சாக்கைக் கூடைமேல் இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அருள் வந்தான். மோவாய் முழுவதும் கோந்து. சட்டையின் முன்பக்கம் மடித்துப் பிடித்தது பிடித்தபடி ஒட்டிக் கிடந்தது. படியேறி வந்தவன் இரண்டாம் படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"இன்னாடா துன்னே?" என்று பச்சையம்மாதான் முதலில் கேட்டாள்.

"கோந்துப்பழம்."

"நம்ம மரத்துலதான் வெட்டிட்டாங்களே. எங்கேர்ந்துடா பறிச்சே?" என்றாள் அம்மா.

"ஏரிக்கரையில. கீழ கொட்டியிருந்துச்சு."

"எந்த மரத்துக்குக் கீழ?"

"பெரிய மரம். அணில் இருந்துச்சு" என்றான். மறுபடியும் வாந்தி எடுத்தான்.

பச்சையம்மா எழுந்து அம்மாவின் அருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் எனக்குக் கேட்டது. "டீச்சரம்மா, ஏரிக்கரைல எட்டி மரம் கீது."

"அவன் எட்டிக்காய் தின்னலயே. புல்லுருவிதானே?"

"எட்டில மொளச்ச புல்லுருவிக்கு எட்டியோட கொணந்தாம்மா வரும். எங்க தாய் வூட்டாண்ட ஒரு ஆடு அத்தோட எலயத் துன்னுட்டு, கால வெறச்சிக்கினு அப்பிடியே வுயுந்துச்சு. என் கண்ணால பாத்துகீறேன்."

எட்டியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பழமொழிதான்: எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன. அப்பா அதைக் கஞ்சர்களைப் பற்றிச் சொல்வார். அந்த மரம் உண்மையாகவே எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அம்மா அருளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். நானும் பச்சையம்மாவும் பின்னாலேயே ஓடினோம். மூலையில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் அம்மா ஏறிக்கொள்ள, நாங்கள் வண்டியோடு ஓடினோம்.

ரயில்வே கேட்டுக்கு அருகே ஒரு லேடி டாக்டர் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்த்து வந்தார். தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. அதிகம் பேச மாட்டார். அம்மா சொன்னதைக் கேட்டதும் அருளை உள்ளறைக் கட்டிலில் கிடத்தி, ஜன்னல்களைச் சாத்தி, அவற்றின் இடுக்கில் வந்த வெயிலையும் ஒரு துணியால் மறைத்தார். அவன் அங்கே எடுத்த வாந்தியைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கரித்தூள் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். பிறகு எங்களை வாசற்படிக்குக் கூட்டி வந்து மெதுவாகப் பேசினார்.

"எட்டி மேல வளர்ற புல்லுருவியில அந்த விஷம் ஏறும்னு படிச்சிருக்கேன். கேஸ் பாத்ததில்ல. பழத்துல எவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாது. எட்டியா இருந்தா கை கால் இழுக்கும். சின்ன சத்தம், வெளிச்சம் பட்டாலே போதும். அதுக்கு ஊசி இருக்கு. ஆனா விஷம் இல்லாம, இவ்வளவு மெலிஞ்ச பிள்ளைக்கு அந்த ஊசியப் போட்டா மூச்சு அடங்கிடலாம்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடட்டுமா டாக்டர்?" என்றாள் அம்மா.

"எட்டியா இருந்தா வண்டி ஆட்டமே ஆபத்து. எந்த மரம்னு யாராவது போய்ப் பாத்துட்டு வாங்க. பழம், இலை, அது ஒட்டியிருக்கிற மரத்துக் கிளை, எல்லாம் எனக்கு வேணும்."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே கடற்கரைக்குப் போகும் ரயில் கேட்டைத் தாண்டியது. அலறல் அடங்கும்வரை அம்மாவும் டாக்டரும் நானும் கதவிடுக்கு வழியாக அருளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ஒரு முறை முழங்காலை மடக்கி நீட்டினான். அது விஷமா, வயிற்று வலியா என்று யாருக்கும் தெரியவில்லை.

"நான் போறேன்" என்றேன். அவன் சுற்றும் இடங்கள் எனக்குத்தான் தெரியும்.

"நான் இட்டுகினு போறேன் டீச்சரம்மா. எட்டிய நான் கண்டுக்குவேன்" என்றாள் பச்சையம்மா.

"உங்க கூடை வாசல்ல கிடக்குதே" என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அவளுக்கு அது நினைவிருந்தது.

"கெடக்கட்டும்."

கேட்டிலிருந்து ஏரிக்கரைக்கு முள்காட்டின் ஊடாக ஓர் ஒற்றையடிப் பாதை போகும். சப்பாத்திக்கள்ளியும் சூரைமுள்ளும் இரண்டு பக்கமும் நிற்க, மண் கொதிக்கும் வெயிலில் பச்சையம்மா வெறுங்காலோடு எனக்கு முன்னால் நடந்தாள்; நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்பதே சரி. ஓடிக்கொண்டே அந்த ஆட்டின் கதையை மறுபடியும் சொன்னாள்: எப்படி அது முதலில் வாயில் நுரை தள்ளியது, எப்படி ஒரு நாய் குரைத்ததும் வில்லாக வளைந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அது ஆடு பாப்பா. ஆடு எத்த வேணா மேயும். புள்ளைக்கி அப்பிடி ஆவாது" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பேசாமல் போனதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் உள்ளுக்குள் ஜெபம் செய்ய முயன்றேன். எந்த மரமாக இருக்க வேண்டும் என்று கேட்பது? மரம் எதுவென்று எப்போதோ முடிவாகிவிட்டது, பழம் அவன் வயிற்றுக்குள் போய்விட்டது, இனிமேல் கேட்டு என்ன மாறும் என்று ஒரு பக்கம் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரைமேல் வரிசையாக மரங்கள், பலவற்றில் புல்லுருவி. அணில் இருந்த மரம் என்றான் அருள். எல்லா மரத்திலும் அணில் இருந்தது. நான் ஒவ்வொரு மரத்தடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பழத்தோல் எல்லா இடத்திலும்தான் கிடந்தது. குருவி போட்டதா அவன் துப்பியதா என்று எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு பாறை அதைச் சொல்லிற்று. அருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. துப்பிய விதைகளை எறிய மாட்டான். எதன் மேலாவது வரிசையாக ஒட்டிவைப்பான். அந்தப் பாறையில் வரிசைக்குக் கீழே வரிசையாக, காய்ந்து பளபளத்துக்கொண்டு, அவன் ஒட்டிய விதைகள் இருந்தன. எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அவ்வளவு தின்றிருந்தான்.

அண்ணாந்து பார்த்த பச்சையம்மா, "ஐயோ தெய்வமே" என்று முணுமுணுத்தாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு வேம்பு, இந்தப் பக்கம் ஓர் எட்டி. பளபளவென்ற வட்ட இலைகளுக்கு நடுவே ஆரஞ்சுப் பழம்போலக் காய்கள் தொங்க, அது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு மரமும் தலைக்குமேல் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு கிடந்தன. பின்னிக்கொண்ட இடத்தில், எந்தக் கிளை எதனுடையது என்று கீழிருந்து பிரித்தறிய முடியாதபடி, பெரிய கூடை அளவு புல்லுருவி. அதில் சிவப்பு சிவப்பாகப் பழம்.

பச்சையம்மா மரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் வேம்பு என்றாள். இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் எட்டி என்றாள். உதிர்ந்த பழம் ஒன்றை எடுத்து நான் வாயருகே கொண்டுபோனேன். எட்டி கசக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கசந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "எட்டியும் கசப்பு, வேம்பும் கசப்பு. துன்னு பாத்து இன்னாத்தக் கண்டுபுடிப்பே? ஒரு புள்ள போதும் பாப்பா."

அப்புறம் வேறு வழி இருக்கவில்லை. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் வேம்பில் ஏறினேன். எட்டியைத் தொடவே பயமாக இருந்தது. பச்சையம்மா கீழே முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, நான் கால் வைக்கும் இடத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி உயரத்தில் "சிக், சிக்" என்று சத்தம் கேட்டது. அந்தக் கட்டைவிரல் குருவி எனக்கு ஒரு முழ தூரத்தில், என்னைச் சட்டையே செய்யாமல், ஒரு பழத்தை அலகில் உருட்டித் தோலைக் கழற்றி விழுங்கியது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, பின்புறத்தைக் கிளையில் தேய்த்தது. விதை நூலோடு கிளையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிளை எட்டியுடையது.

நான் அந்தக் கிளையை உற்றுப் பார்த்தேன். அதே எட்டிக் கிளையில் வரிசையாக அப்படிப்பட்ட விதைகள் ஒட்டியிருந்தன. சிலது பச்சையாக முளைவிட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒன்று என் முழங்கை நீளத்துக்கு இலைவிட்டு வளர்ந்தே இருந்தது. அப்படியானால் எட்டியிலும் புல்லுருவி இருக்கிறது. பச்சையம்மா சொன்னது சரி.

"இன்னா தெரியுது?" என்று அவள் கீழிருந்து கேட்டாள். இரண்டு கையாலும் இலைகளை விலக்கிக்கொண்டு பெரிய கொத்தின் அடியைத் தேடினேன். கொத்தின் தண்டு தடித்து, குமிழாக வீங்கி, ஒரு கிளையோடு சேரும் இடம் கடைசியில் அகப்பட்டது. அந்தக் கிளையின் பட்டையைத் தடவிக்கொண்டே, கண்ணால் நம்பாமல் கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். நடுவில் எட்டிக் கிளை ஒன்று குறுக்கே வந்து என்னைக் குழப்பியது. திரும்பிப் போய் மறுபடியும் குமிழிலிருந்து தொடங்கினேன். அந்தக் கிளை சொரசொரப்பாக வெடித்த பட்டையோடு கீழே இறங்கி, நான் உட்கார்ந்திருந்த கவட்டைக்கே வந்து சேர்ந்தது. வேம்பு.

ஆனால் அது போதாது என்று எனக்குத் தோன்றியது. எட்டியில் இருந்த சின்னச் செடியிலும் பழம் இருந்து, அதுவும் உதிர்ந்திருந்தால்? எட்டிக் கிளையைத் தொட்டு, இழுத்து, வளைத்து அந்தச் சின்னச் செடியை இலை இலையாகப் பார்த்தேன். பழம் இல்லை. பூவும் இல்லை, பூத்து உதிர்ந்த காம்பும் இல்லை. மேலே வேறு எங்காவது இருக்கிறதா என்று எட்டியின் உச்சிவரை கண்ணால் தேடினேன். வெயில் கண்ணைக் குத்தியது. இல்லை என்றுதான் தோன்றியது. இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. பெரிய கொத்தைக் குமிழோடு ஒடிக்க என் பலம் போதவில்லை. கொத்தின் ஓரத்துக் கிளை ஒன்றை, அது வேம்பில் தனியாக ஊன்றியிருந்த சின்னக் குமிழோடும் வேப்பிலையோடும் ஒடித்துக் கீழே போட்டேன். எட்டியிலிருந்த சின்னச் செடியையும் பிடுங்கிப் போட்டேன். இறங்கும்போது தொடை முழுக்கச் சிராய்த்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் திரும்பிப் போனபோது உள்ளறை இன்னும் இருட்டாகவே இருந்தது. டாக்டர் இரண்டு கொத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். குமிழைப் பிளந்து பார்த்தார். "பழம் இதுல மட்டுந்தானா? இந்தச் சின்னதுல ஒண்ணுகூட இல்லயா? நல்லாப் பாத்தியா?" என்று என்னைக் கேட்டார். நான் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், உச்சியைப் பற்றிச் சத்தியம் செய்ய முடியாது என்பதையும் சேர்த்து. அவர் உள்ளே போய் அருளின் கையைத் தூக்கிப் பார்த்தார், தாடையை அழுத்திப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே உள்ளங்கைகளை ஒரு முறை தட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அருள், "தண்ணி வேணும்" என்றான்.

டாக்டர் ஜன்னலைத் திறந்தார். "எட்டியா இருந்தா இதுக்குள்ள உடம்பு சொல்லியிருக்கும். இது வேப்ப மரத்துது. விஷம் இல்ல" என்றார்.

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அருளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பச்சையம்மா வாசலில் நின்றபடியே கும்பிட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, எங்கோ பார்ப்பவர்போலக் கேட்டார்: "காலையில பையன் என்ன சாப்பிட்டான்?"

"கஞ்சி குடிச்சான்" என்றாள் அம்மா.

"நேத்து ராத்திரி?"

அம்மா அருளின் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அந்தப் பழம் நல்ல பழந்தான். சர்க்கரை இருக்கு, கொஞ்சம் கொழுப்பும் இருக்கு; குருவியெல்லாம் கோடையில அதத் தின்னுதான் பொழைக்குது. ஆனா ஒரு பிள்ளை விளையாட்டுக்குத் தின்னா நாலு தின்னும், அஞ்சு தின்னும். இவன் எடுத்த வாந்தியில அந்தப் பழத்தத் தவிர வேற எதுவுமே இல்ல டீச்சர். இது பசி." அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, கேட்காமலே அவள் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அது காகிதம்போல வெளுத்திருந்ததை நானும் பார்த்தேன். மற்றக் கண்ணையும் பார்த்தார். "நீங்க எப்போ சாப்பிட்டீங்க?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். பச்சையம்மா என் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விட்டாள். கதவுக்கு அப்பால் அம்மா அழுவது கேட்டது. அருளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும், மரத்தைத் தேடப் போன எனக்காகக் காத்திருந்தபோதும் அழாதவள், விஷம் இல்லை என்று தெரிந்த பிறகு அழுதாள். "வுடு பாப்பா. நல்லதுக்குத்தான் அய்வுறாங்க" என்றாள் பச்சையம்மா. எனக்கு அது நல்லதாகத் தோன்றவில்லை. அதுவரை அருளைப் பற்றி மட்டும் இருந்த பயம் அந்த வாசற்படியில் அம்மாவின் பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வந்தபோது சாக்கு காய்ந்து, கூடையைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பாதி மீன் கண் கலங்கிப் போயிருந்தது. பச்சையம்மா கெட்டதைப் பொறுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, தேறினதில் ஒரு முறம் நிறைய எங்கள் அடுப்படியில் வைத்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். "இனிமே எடுத்துகினு போயி எவ வாங்குவா டீச்சரம்மா? கொயம்பு வெச்சி எல்லாருமா குந்திகினு துன்னுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அம்மா வாங்கிக்கொண்டாள். அவள் யாரிடமாவது எதையாவது அப்படி வாங்கிக்கொண்டதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அன்று அப்பா வந்ததும் ஜெபம் சின்னதாக முடிந்தது. நடந்ததை அம்மா ஏற்கெனவே சமையலறையில் வைத்துச் சொல்லியிருந்தாள். அவர் தனக்குப் போட்ட தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அவள் உட்காரும்வரை நின்றுகொண்டே இருந்தார். அந்த மாதமே அவர் தன் அண்ணனிடம் உதவி கேட்டு ஊருக்குப் போனார். இல்லாததுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர், அதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. அன்றிலிருந்து அம்மா எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். நானோ என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதே இல்லை. அவள் எவ்வளவு போட்டுக்கொள்கிறாள், பிசைகிறாளா உண்மையிலேயே விழுங்குகிறாளா, அருளுக்கு எடுத்து வைக்கிறாளா என்று ஒவ்வொரு கவளமாகக் கண்காணித்தேன். கஷ்டகாலம் தீர்ந்து அரிசி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும், எனக்குக் கல்யாணமாகிப் பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தபோதும், அந்தப் பழக்கம் போகவில்லை. "ஏன்டி என் தட்டையே பாக்கறே?" என்பாள் அம்மா. தெரியாமல் கேட்டிருக்க மாட்டாள்.

சென்ற கோடையில் அருள் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அந்த நாள் அவனுக்கு நினைவில் இல்லை, நாங்கள் சொல்லிக் கேட்டதுதான். ஏரிக்கரையைப் பார்க்க வேண்டும் என்றான். ரயில்வே கேட் இல்லை, மேலே பாலம் போகிறது. டாக்டர் வீடு இருந்த இடத்தில் துணிக்கடை. முள்காட்டுப் பாதை எந்தத் தெருவுக்குள் போயிற்று என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வேம்பும் எட்டியும் நின்ற இடம் என்று நான் உத்தேசமாகச் சொன்ன இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் இருந்த காவலாளி எழுந்து வந்து, "யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டார்.

"இங்க ஒரு வேப்ப மரம் இருந்துச்சு" என்றான் அருள்.

"நான் வந்து ரெண்டு வருஷந்தான் சார் ஆவுது. மரம் எதுவும் பாக்கல."

உள்ளே சுவரோரமாக, விலை கொடுத்து வாங்கி நட்ட அலங்காரப் பனைகள் வரிசையாக நின்றன. வழவழப்பான தண்டும் உச்சியில் ஒரு கொத்து ஓலையும் மட்டும்தான், புல்லுருவி ஒட்டப் பக்கக் கிளை என்று ஒன்றும் கிடையாது. நாங்கள் அந்த வெயிலில் நிழல் தேடிச் சற்று நேரம் நின்றோம். வண்டிச் சத்தத்துக்கு நடுவே எங்கோ மேலே "சிக்" என்று ஒரு முறை கேட்டதுபோல் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன்; மின்கம்பியில் ஒன்றும் இல்லை, பனையிலும் இல்லை. எனக்குத்தான் கேட்டதோ என்னவோ. நிஜமாகவே கேட்டிருந்தால், இந்தக் கோடையில் அது எதைத் தின்று உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.